பிளாஷ் நினைவக இயக்கியைப் பழுதுபார்ப்பதும் பராமரிப்பதும்: கொழுந்து மடுவத்துப் போர்டுகளை முன்வைத்து

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் மடுவங்களுக்கு (கொட்டகைகளுக்கு) எண்ணியல் தராசுகள் வந்த பின்னர், ஒரு தொழிலாளி பறித்த கொழுந்தின் நிறை, பேரேட்டில் ஏறுவதற்கு முன்பே, தராசுடன் இணைந்த சிறிய போர்டிலுள்ள பிளாஷ் சிப் ஒன்றில் பதிவாகிவிடுகிறது. அந்தப் பதிவு கெட்டால் அன்றைக்கு முழுப் பேரா, அரைப் பேரா (முழு நாள் கூலியா, அரை நாள் கூலியா) என்ற வாக்குவாதம் எழுகிறது; அதில் தோற்பவர் பெரும்பாலும் கொழுந்து பறித்தவர்தான். லினக்ஸில் ஓடும் அத்தகைய போர்டுகளில் பிளாஷ் இயக்கி (லினக்ஸின் மையமான கேர்னலுக்காகச் சிப்போடு பேசும் நிரல்) தவறாக நடக்கும்போது அதை எப்படி இனங்காண்பது, எப்படித் திருத்துவது, திருத்திய பின் எப்படிப் பேணுவது என்பதை இங்கே எழுதுகிறேன். சி மொழி தெரிந்தவரும் கேர்னலை ஒரு முறையேனும் சொந்தமாகத் தொகுத்துப் பார்த்தவருமான ஒருவர் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ தன் மேசையில் அமர்ந்தபடியே இவற்றில் பெரும்பகுதியைச் செய்துவிடலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிப் செத்துவிட்டது என்று கழற்றி வைக்கப்படும் போர்டுகளில் பலவற்றில் சிப் நலமாகவே இருக்கும். சிப் ஒன்றைச் சொல்ல, இயக்கி அதை மேலடுக்குக்கு வேறொன்றாகச் சொல்லியிருக்கும். நிறுவையைப் பார்க்காமலே பேரேட்டில் எண்ணை எழுதும் கணக்குப்பிள்ளையால் என்ன கேடு விளையுமோ அதே கேடுதான் இங்கும் விளைகிறது. ஆகவே எந்தப் பழுதை ஆராயும்போதும் சிப் உண்மையில் என்ன சொன்னது, இயக்கி அதை என்னவென்று அறிவித்தது என்ற இரண்டையும் தனித்தனியே எழுதி வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

நிரலைத் தொடுவதற்கு முன்

பழுதுபட்ட போர்டை வழக்கம்போல இயக்கிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். பிளாஷ் பிளாக்குகளை நிர்வகிக்கும் யுபிஐ (UBI) அடுக்கு சிப்புடன் இணைந்த கணத்திலேயே பாதி எழுதப்பட்ட பிளாக்குகளை அழிக்கத் தொடங்கலாம். அதன் மேல் ஓடும் யுபிஐஎஃப்எஸ் (UBIFS) கோப்பு முறைமை மவுண்ட் ஆகும்போது தன் ஜர்னலை மீள ஓட்டும். இரண்டும் உங்களுக்குத் தேவையான தடயத்தை மாற்றிவிடும். எனவே கோப்பு முறைமை எதையும் தொடாத, நினைவகத்திலிருந்தே ஓடும் சிறிய இனிட்ராம்எஃப்எஸ் ஒன்றைக் கொண்டு போர்டைத் துவக்கி, முதலில் சிப் முழுவதையும் பிரதி எடுங்கள். நோர் (NOR) வகைச் சிப் என்றால் எம்டிடி (கேர்னலின் பிளாஷ் அடுக்கு) சாதனக் கோப்பைச் சாதாரண டிடி கட்டளையால் வாசித்தாலே போதும். நேண்ட் (NAND) வகை என்றால் நேண்ட்டம்ப் கருவியைப் பயன்படுத்தி, பிழைதிருத்தத்தை நிறுத்தி, ஓஓபி எனப்படும் ஓரப் பைட்டுகளையும் சேர்த்து, கெட்ட பிளாக்குகளையும் விடாமல் எடுக்க வேண்டும். திருத்தப்பட்ட பிரதி தரவை மீட்க உதவும். இயக்கியை விசாரிக்க உதவுவது திருத்தப்படாத பிரதிதான்.

அதன் பின்னர் கேர்னல் தன் நிலையைக் காட்டும் சிஸ்எஃப்எஸ் மரத்தில் எம்டிடி வகுப்பின் கீழ் அந்தச் சாதனத்துக்கு இருக்கும் கோப்புகளை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்: அழிப்பு அளவு, எழுதும் அளவு, ஈசிசி (பிழைதிருத்தக் குறியீடு) வலிமை, ஈசிசி படி அளவு, பிட்-பிறழ்வு எல்லை, இதுவரை திருத்தப்பட்ட பிட்கள், திருத்த முடியாத வாசிப்புகள், கெட்ட பிளாக்குகள். கேர்னலின் துவக்க லொக்கையும் முழுதாகச் சேமியுங்கள். ஒரு பகிர்வின் எல்லை அழிப்பு பிளாக்கின் எல்லையோடு பொருந்தாவிட்டால், கேர்னல் அந்தப் பகிர்வை வாசிக்க மட்டும் உரியதாக மாற்றிவிட்டு அதை ஒரே வரியில் லொக்கில் சொல்லிவிட்டுப் போய்விடும். அந்த வரியைப் படிக்காமல் இயக்கியின் எழுதும் பகுதியைப் பிரித்துப் போட்டுத் தேடியவர்கள் உண்டு.

சிப் தன் பெயரைச் சொல்கிறதா

எஸ்பிஐ என்ற தொடர் இணைப்பு வழி வரும் நோர் சிப்பிடம் கேர்னல் முதலில் 9எஃப் என்ற பதினறும கட்டளையை அனுப்பி அதன் ஜெடெக் அடையாளத்தைக் கேட்கிறது. வின்பாண்ட் நிறுவனத்தின் 16 மெகாபைட் டபிள்யூ25கியூ128 சிப்பின் பரவலான வகை இஎஃப், 40, 18 என்று பதில் தரும். மூன்று பைட்டுகளும் எஃப்எஃப் என்றோ, மூன்றும் 00 என்றோ வந்தால் இயக்கியைக் குறை சொல்லாதீர்கள், சிப் பேசவேயில்லை. மின்னழுத்தம், சிப்-செலக்ட் கம்பி, சிப்பின் கால்களில் படிந்த ஈரம் ஆகியவற்றைப் பாருங்கள். மாதக்கணக்கில் மூடுபனிக்குள் நிற்கும் மடுவங்களில் தகரப் பெட்டிக்குள் வைத்த போர்டின் ஈயப் பற்றுகள் பச்சை பூத்திருப்பது நமக்குப் புதிதல்ல. அடையாளம் சில வேளை சரியாகவும் சில வேளை ஒரு பிட் பிசகியும் வந்தால், டிவைஸ் ட்ரீயில் (போர்டின் வன்பொருளை விவரிக்கும் கோப்பில்) எஸ்பிஐ உச்ச அலைவெண்ணைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். பிசகு அதோடு மறைந்தால் சிக்கல் கம்பிப் பாதையில் இருக்கிறது. பெரும்பாலான போர்டுகளில் அலைவெண்ணைக் குறைத்தபடியே விட்டுவிடுவதுதான் நேர்மையான திருத்தம்.

அடையாளம் சரியாக வந்தும் கேர்னல் சிப்பை ஏற்க மறுத்தால், அந்தச் சிப் பட்டியலில் இல்லை என்று பொருள். புதிய சிப்கள் தம் திறன்களை எஸ்எஃப்டிபி என்னும் உள்ளட்டவணையில் தாங்களே சொல்கின்றன. 5ஏ கட்டளையால் வாசிக்கப்படும் அந்த அட்டவணைக்கான தரம் ஜெடெக் 216 ஆகும். அட்டவணை இருக்கும்போது அளவையும் அழிப்பு முறையையும் கையால் எழுதிச் சேர்ப்பது தேவையற்றது. அட்டவணையே தவறாக இருக்கும் சிப்களும் உண்டு. அவற்றுக்கு மட்டும், வாசித்த பின் திருத்தும் சிறிய செயற்கூறு ஒன்றை அந்தத் தயாரிப்பாளருக்குரிய கோப்பில் சேருங்கள்.

நோர் சிப்களில் அடிக்கடி வரும் மூன்று பழுதுகள்

முதலாவது, அழிப்பு வெற்றி என்று இயக்கி அறிவித்தும் தரவு அப்படியே இருப்பது. நிலைப் பதிவகத்தில் பிளாக்-காப்பு பிட்கள் ஏற்றப்பட்டிருந்தால் பல சிப்கள் அழிப்புக் கட்டளையைச் சத்தமில்லாமல் புறக்கணித்துவிடும். ‘வேலை நடக்கிறது’ என்ற பிட்டும் உயராது, ஆகவே காத்திருந்த இயக்கி உடனே முடிந்துவிட்டதாக நம்புகிறது. 05 கட்டளையால் நிலைப் பதிவகத்தை வாசித்து அச்சிட்டுப் பாருங்கள். காப்பு பிட்கள் இருந்தால், பூட்டைத் திறக்கும் வேலையை இயக்கி எந்தக் கட்டத்தில் செய்கிறது, துவக்கியான யூ-பூட் அதை மீண்டும் பூட்டிவிடுகிறதா என்று தொடருங்கள். எழுதுவதற்கு முன் 06 கட்டளையால் ஏற்ற வேண்டிய எழுத்து-அனுமதி பிட் ஏறாமலிருந்தாலும் இதே அறிகுறிதான்.

இரண்டாவது, காலாவதிப் பிழை. 64 கிலோபைட் பிளாக் ஒன்றை அழிக்க டபிள்யூ25கியூ128 வழக்கமாக 150 மில்லிசெக்கன் எடுத்தாலும் அதன் தரவுத்தாள் 2 செக்கன் வரை அவகாசம் கேட்கிறது. வழக்கமான நேரத்தைக் கொண்டு எல்லை வகுத்த இயக்கி, சிப் மூப்படைந்ததும் பொய்யாகத் தோல்வி அறிவிக்கும். இதில் நுணுக்கமான இன்னொரு கண்ணியும் உண்டு. காத்திருக்கும் சுற்றுக்குள் இயக்கியைக் கேர்னல் ஓரமாக வைத்துவிட்டு வேறு வேலையைக் கவனித்து, கெடு முடிந்த பின்னரே திரும்பி வரலாம். அப்போது சிப் வேலையை எப்போதோ முடித்திருக்கும். ஆகவே கெடு கடந்துவிட்டது என்று கண்டாலும் நிலைப் பதிவகத்தை இறுதியாக ஒரு முறை வாசித்த பின்னரே தோல்வி என்று அறிவிக்க வேண்டும். கேர்னலின் பொது எஸ்பிஐ-நோர் நிரல் இதைச் சரியாகவே செய்கிறது. தனியாக எழுதப்பட்ட தயாரிப்பாளர் இயக்கிகளில்தான் இந்தக் குறை தொடர்ந்து காணப்படுகிறது.

மூன்றாவதுதான் மடுவங்களில் அதிகம் தொல்லை தருவது. மூன்று பைட் முகவரியால் 16 மெகாபைட் வரைதான் எட்ட முடியும். அதற்கு மேற்பட்ட சிப்பை நான்கு பைட் முகவரி நிலைக்கு மாற்ற வேண்டும். மின்சாரத்தை அணைத்துப் போட்டால் போர்டு ஒழுங்காகத் துவங்குகிறது, ஆனால் வோட்ச்டோக் (போர்டு உறைந்தால் மீளமைக்கும் காவல் கடிகாரம்) மீளமைத்தால் அப்படியே உறைந்து நிற்கிறது என்றால், சிப் நான்கு பைட் நிலையிலேயே விடப்பட்டிருக்க, செயலியின் துவக்க ரொம் மூன்று பைட் முகவரி அனுப்பிக் குப்பையை வாசிக்கிறது. ஒழுங்காக மறுதுவக்கம் செய்தால் கேர்னல் சிப்பைப் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். மின்னழுத்தம் தளர்ந்து வோட்ச்டோக் உதைக்கும்போது அந்த வாய்ப்பு அதற்குக் கிடைப்பதில்லை. நிலையை மாற்றாமலே நான்கு பைட் முகவரி ஏற்கும் தனிக் கட்டளைகள் — வாசிக்க 13, எழுத 12, அழிக்க டிசி — அந்தச் சிப்பில் இருந்தால் இயக்கியை அவற்றுக்கு மாற்றுவதே முழுமையான தீர்வு. இல்லாவிட்டால் சிப்பின் மீளமைப்புக் காலை செயலியின் மீளமைப்புக் கம்பியுடன் இணைக்க வேண்டும். அதை எந்த நிரலாலும் ஈடுசெய்ய முடியாது.

நேண்ட் சிப்களில் உண்மையைச் சொல்வது எப்படி

நேண்ட் சிப்பில் பிட்கள் பிறழ்வது பழுதல்ல, அது அதன் இயல்பு. 2048 பைட் பக்கமும் 64 பைட் ஓரமும் கொண்ட ஒரு சாதாரண சிப்பை எடுத்துக்கொள்வோம். 512 பைட்டுக்கு 4 பிட் வரை திருத்தும் ஈசிசி என்றால் ஒரு பக்கத்தில் நான்கு படிகள் இருக்கும். பக்கத்தை வாசிக்கும் இயக்கிச் செயற்கூறு, எந்த ஒரு படியிலும் கண்ட அதிகபட்சப் பிறழ்வு எண்ணிக்கையைத் திருப்பித் தர வேண்டும்; எல்லாப் படிகளின் கூட்டுத்தொகையைப் புள்ளிவிவரக் கணக்கில் சேர்க்க வேண்டும். இவை இரண்டையும் குழப்புவதுதான் நான் கண்டவற்றில் மிகப் பரவலான பிழை. நான்கு படிகளிலும் ஒவ்வொரு பிட் பிறழ்ந்திருந்தால் சரியான விடை 1. கூட்டுத்தொகையைத் திருப்பும் இயக்கி 4 என்று சொல்லும். ஈசிசி வலிமையின் முக்கால் பங்கு, அதாவது இங்கே 3, வழக்கமான பிட்-பிறழ்வு எல்லை என்பதால், எம்டிடி மைய நிரல் அந்த 4-ஐக் கண்டு எதிர்ம 117 என்ற ஈயுகிளீன் (திருத்தப்பட்டது, ஆனால் கவனிக்க வேண்டும்) குறியீட்டை மேலே அனுப்பும். யுபிஐ பதறிப்போய் நலமான பிளாக்கை வேறிடத்துக்கு நகர்த்தி அழிக்கும். இப்படிச் சிப் காரணமின்றித் தேய்கிறது. மாறாக எப்போதும் 0 என்று திருப்பும் இயக்கியோ இன்னும் மோசமானது: ஒரு படியில் 3, பிறகு 4 என்று பிறழ்வு வளர்வது யாருக்கும் தெரியாமலே போய், ஐந்தாவது பிட் பிறழும் நாளில் அந்தப் பக்கம் திரும்பக் கிடைக்காது.

திருத்தவே முடியாத படி வந்தால் செயற்கூறிலிருந்து நேரடியாக எதிர்ம 74, அதாவது ஈபேட்மெசேஜ், திருப்புவது தவறு. தோல்விக் கணக்கை ஒன்றால் கூட்டிவிட்டு மற்றப் படிகளைத் தொடர்ந்து வாசியுங்கள். நேண்ட் மைய நிரல் அந்தக் கணக்கு உயர்ந்ததைக் கண்டு தானே அப்பிழையை அறிவிக்கும். நீங்களே பிழையைத் திருப்பினால், வாசிப்பு மின்னழுத்தத்தை மாற்றி மீண்டும் முயலும் வசதியுள்ள சிப்களில் அந்த முயற்சி நடக்காமலே போய்விடும்.

அடுத்து அழிக்கப்பட்ட பக்கங்கள். அழித்த பக்கத்தில் எல்லாப் பிட்களும் 1. ஆனால் பல கட்டுப்படுத்திகளின் ஈசிசி கணக்கில் அது செல்லுபடியாகும் குறிச்சொல் அல்ல. ஆகவே அழித்த பக்கத்தை இயக்கி தனியாக இனங்காண வேண்டும். எல்லாம் எஃப்எஃப் தானா என்று மட்டும் ஒப்பிடும் இயக்கி, சிப் புதிதாக இருக்கும் வரை சிக்கலின்றி ஓடும்; அழித்த பக்கத்திலும் ஒரு பிட் 0 ஆகும் காலம் வந்ததும் அதைத் திருத்த முடியாத பக்கம் என்று அறிவித்து, கோப்பு முறைமையையே மவுண்ட் ஆகாமல் செய்துவிடும். இதற்கென நேண்ட் மைய நிரலில் ஒரு துணைச் செயற்கூறு உண்டு: தரவு, ஈசிசி பைட்டுகள் ஆகிய இரண்டிலும் உள்ள 0 பிட்களை எண்ணி, அவை வலிமைக்குள் அடங்கினால் இடத்தை எஃப்எஃப் ஆல் நிரப்பி எண்ணிக்கையைத் திருப்பித் தரும். அதற்குக் கொடுப்பது திருத்தப்படாத மூலத் தரவாக இருக்க வேண்டும். வன்பொருள் திருத்த முயன்று தோற்ற தாங்ககத்தை அப்படியே கொடுத்தால், வன்பொருள் தானே புரட்டிப்போட்ட பிட்களையும் சேர்த்து எண்ணுவீர்கள். எனவே பக்கத்தை மூல முறையில் மீண்டும் ஒரு முறை வாசியுங்கள். ஈசிசி பைட்டுகளை விட்டுவிட்டு தரவை மட்டும் எண்ணுவதும் கூடாது, ஏனெனில் எஃப்எஃப் மயமான தரவை ஒருவர் உண்மையாகவே எழுதியிருக்கலாம்.

ஒரு தடை சொல்ல வேண்டும். வாசிப்பில் திருத்த முடியாத பிழை கண்டவுடன் அந்தப் பிளாக்கைக் கெட்டது என்று குறிக்கும் நிரலை இயக்கிக்குள் சேர்க்காதீர்கள். எழுதும் நடுவில் மின்சாரம் போனால் பக்கம் வாசிக்க முடியாததாகும். பிளாக் கெட்டதாகாது, அழித்தால் மீண்டும் பயன்படும். கெட்டது என்று தீர்மானிப்பது எழுத்தோ அழிப்போ தோற்றதைக் கண்ட மேலடுக்கின் வேலை. இரண்டு பருவமழைகளுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், ஒக்டோபர் மாத மாலை இடிகளில் மின்சாரம் போய்ப் போய் வரும் ஒரு தோட்டத்தில், இத்தகைய ‘திருத்தம்’ நல்ல பிளாக்குகளை ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்துவிடும். 1024 பிளாக்குக்கு 20 என்ற கணக்கில்தான் யுபிஐ வழக்கமாக மாற்று பிளாக்குகளை ஒதுக்கி வைக்கிறது.

எல்லாப் பக்கங்களும் ஒரே நேரத்தில் திருத்த முடியாதவையாகத் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்: யூ-பூட் ஒரு ஈசிசி வலிமையிலும் கேர்னல் வேறொன்றிலும் ஓடக்கூடும். டிவைஸ் ட்ரீயில் வலிமையையும் படி அளவையும் வெளிப்படையாக எழுதி இரண்டையும் பொருத்துங்கள்.

சோதனை

போர்டு கையில் இல்லாதபோது நேண்ட்சிம் தொகுதியை ஏற்றி, நினைவகத்திலேயே ஒரு போலி நேண்ட் சிப்பை உருவாக்கலாம்; பலவீனமான பக்கங்கள், பிறழும் பிட்கள், கெட்ட பிளாக்குகள் எல்லாவற்றையும் அதன் அளவுருக்களால் வரவழைக்க முடியும். அது மேலடுக்குகளின் நடத்தையைக் கற்கவும் சோதிக்கவும் மிக நல்லது. உங்கள் கட்டுப்படுத்தி இயக்கியைப் பற்றி அதனால் எதுவும் சொல்ல முடியாது.

உண்மையான போர்டில் நேண்ட்பிட்எரர்ஸ் கருவியே முதன்மையானது. அது ஒரு பக்கத்தை எழுதி, மூல முறையில் ஒவ்வொரு பிட்டாகக் கெடுத்து, ஒவ்வொரு முறையும் வழக்கமான முறையில் வாசித்து, எத்தனை திருத்தப்பட்டன என்று அச்சிடும். 4 பிட் வலிமையுள்ள சிப் 1, 2, 3, 4 என்று ஏறி ஐந்தில் தோற்க வேண்டும். ஐந்தைத் தாண்டியும் வெற்றி என்று வந்தாலோ, ஓயாமல் 0 என்று வந்தாலோ இயக்கி பொய் சொல்கிறது. எந்த வரியில் என்பதைத் தேட உங்களுக்கு இப்போது ஒரு உறுதியான கருவி இருக்கிறது. இந்தச் சோதனைகள் சிப்பிலுள்ளதை அழித்துவிடும் என்பதால் தனிப் பகிர்வு ஒன்றிலேயே ஓட்டுங்கள். நோர் சிப்புக்கு எம்டிடி-டிபக் கருவியே போதும்: அழித்து, வாசித்து, முழுவதும் எஃப்எஃப் என்று உறுதிசெய்து, தற்போக்கான 2 மெகாபைட் தரவை எழுதி, மீண்டும் வாசித்து, இரண்டு கோப்புகளின் எஸ்எச்ஏ-256 தொகையையும் ஒப்பிடுங்கள்.

மின்வெட்டுச் சோதனையைத் தவிர்க்கக்கூடாது. இதே வகைப் போர்டு மழைமானியிலும் இருக்கலாம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்ற அளவிலிருந்தே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையைத் தொடங்கும் சரிவுகளில், மின்சாரம் போகும் மணித்தியாலத்தின் பதிவுதான் எல்லாவற்றிலும் பெறுமதியானது. யுபிஐயின் டிபக்எஃப்எஸ் வழியாகப் போலி மின்வெட்டைத் தூண்டலாம். அதோடு, ஒரு ரிலே கொண்டு எழுதும் நடுவே உண்மையாகவே மின்சாரத்தைத் துண்டித்து, இரவு முழுவதும் தானாக ஓடும்படி அமைத்து, ஒவ்வொரு மீள்துவக்கத்திலும் கடைசியாக உறுதிசெய்யப்பட்ட பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். போலி மின்வெட்டால் பாதி அழிந்த கலங்களை உருவாக்க முடியாது. நுவரெலியாவின் தைமாதக் குளிரிலும் தொழிற்சாலையின் உலர்த்தி அறைக்கு அருகிலும் இதே சோதனையை ஒரு முறை ஓட்டினால் அலைவெண்ணின் விளிம்பில் ஓடும் போர்டுகள் வெளிப்படும்.

திருத்தத்தை எழுதுவதும் பேணுவதும்

பழைய கேர்னலில் ஓடியது புதியதில் ஓடவில்லை என்றால் ஊகிப்பதை விடுத்து கிட் பைசெக்ட் (மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடுவது) செய்யுங்கள். ஆயிரம் மாற்றங்களுக்குள் குற்றவாளியைப் பிடிக்கப் பத்துத் தொகுப்புகள் போதும். ஒரு பேட்ச்சில் ஒரு திருத்தம் மட்டும் இருக்கட்டும்: பிழையைத் திருத்துவது ஒன்று, நிரலை அழகாக்குவது வேறொன்று. விளக்கத்தில் சிப் சொன்னதையும் இயக்கி சொன்னதையும் எண்களோடு எழுதி, எந்த மாற்றம் பிழையைக் கொண்டு வந்தது என்பதை ‘ஃபிக்ஸஸ்’ வரியில் குறிப்பிட்டு, உங்கள் ‘சைன்ட்-ஆஃப்-பை’ வரியைச் சேர்த்து, செக்பேட்ச் நிரலில் சரிபார்த்து, கேர்னலின் ‘மெயின்டெய்னர்ஸ்’ கோப்பு காட்டும் பொறுப்பாளர்களுக்கு அனுப்புங்கள். நீண்டகால ஆதரவுக் கேர்னல்களுக்குத் திருத்தம் போய்ச் சேரும் வழியும் அதுதான்.

கேர்னலுக்கு வெளியே தனியாக வைத்துக்கொள்ளப்படும் இயக்கியைப் பேணுவது ஓயாத உழைப்பு. 4.16 கேர்னலில் நேண்ட் கட்டுப்படுத்திகளுக்கு எக்செக்-ஒப் என்ற புதிய இடைமுகம் வந்தது. அதே 2018-இல் மூல நேண்ட் இயக்கிகள் தனி அடைவுக்கு நகர்த்தப்பட்டன. பழைய கட்டளைச் செயற்கூறை நம்பி எழுதப்பட்ட வெளி இயக்கிகள் அப்போதிருந்து பின்தங்கத் தொடங்கின. உங்கள் இயக்கி அந்த நிலையில் இருந்தால், பழுதுகளை ஒட்டுப் போடுவதை நிறுத்திவிட்டு எக்செக்-ஒப் முறைக்கு மாற்றி எழுதுவதே செலவு குறைந்தது.

கேர்னல் அமைப்பிலும் ஒரு கண்ணி உண்டு. எஸ்பிஐ-நோருக்கு 4 கிலோபைட் செக்டரைப் பயன்படுத்தும் தெரிவை இயக்கினால் அழிப்பு அளவு 64-இலிருந்து 4 கிலோபைட்டாக மாறும். முன்பு எழுதிய யுபிஐ படிமம் அடையாளம் தெரியாமல் போகும், யுபிஐஎஃப்எஸ் அவ்வளவு சிறிய பிளாக்கில் இயங்கவே இயங்காது. கேர்னலை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் பழைய, புதிய அமைப்புக் கோப்புகளை ஒப்பிட்டு இந்த வரியைத் தனியாகப் பாருங்கள்.

மடுவத்தில் போர்டை மாற்றும்போது பழைய கேர்னலை இரண்டாவது பகிர்வில் விட்டு வையுங்கள். மழை நாளில் தோட்டத்து மண்பாதையில் மீண்டும் ஏறிப் போவது எளிதல்ல. திரும்புவதற்கு முன், திருத்தப்பட்ட பிட்கள், திருத்த முடியாத வாசிப்புகள், கெட்ட பிளாக்குகள், யுபிஐ காட்டும் உச்ச அழிப்பு எண்ணிக்கை ஆகியவற்றைத் தராசுக்கு அருகிலுள்ள பதிவுப் புத்தகத்தில் திகதியோடு எழுதுங்கள். முதல் இரண்டு எண்களும் ஒவ்வொரு துவக்கத்திலும் பூச்சியத்திலிருந்து தொடங்குவதால், போர்டு எவ்வளவு நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையும் அதே வரியில் சேர்க்க வேண்டும்.